‘ஷேன்’ படமும் சிறுவன் ஜோயியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படம், எந்தச் சிறுவன்?

1953 ஏப்ரலில் வெளிவந்த ‘ஷேன்’. இயக்கம் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். 118 நிமிடம் ஓடும் வண்ணப்படம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் மலைகளின் அடிவாரத்தில் 1951இல் எடுக்கப்பட்டது. கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். எங்கிருந்தோ குதிரையில் வரும் ஷேன் (ஆலன் லாட்) ஒரு குடியானவர் வீட்டில் கூலியாளாகத் தங்குகிறான். மாட்டுப் பண்ணைக்காரன் ரைக்கர் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து குடியானவர்களை விரட்டப் பார்க்கிறான். துப்பாக்கியைத் தொடக்கூடாது என்றிருந்த ஷேன் கடைசியில் அதை எடுக்கிறான். முடித்ததும் போய்விடுகிறான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பவன் அந்த வீட்டுப் பையன் ஜோயி ஸ்டாரெட். நடித்தவர் பிராண்டன் டி வைல்ட். 1942 ஏப்ரலில் பிறந்தவர், படப்பிடிப்பின்போது வயது 9. படத்தைப் போற்றுகிறவர்களிலேயே பலர் ‘அந்தப் பையன் மட்டும் இல்லாமலிருந்தால்’ என்று சொல்வார்கள். கீழே உள்ள கேள்விகள் எல்லாம் அந்த ஒரு குறையைச் சுற்றியவை. படத்தின் முடிவும் இதில் வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

குறிப்பாக எது எரிச்சலூட்டுகிறது?

‘நடிப்பு சரியில்லை’ என்று மொத்தமாகச் சொன்னால் பிடி கிடைக்காது. பிரித்துப் பார்த்தால் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

முதலாவது குரல். ஒன்பது வயதுப் பையனின் குரலில் அடிச்சுருதி ஏறத்தாழ 250 முதல் 300 ஹெர்ட்ஸ். வளர்ந்த ஆணுக்கு அது பெரும்பாலும் 100க்கும் 130க்கும் இடையில் இருக்கும். ஆலன் லாட் தாழ்ந்த குரலில், உதட்டை அதிகம் அசைக்காமல் பேசும் நடிகர். அவர் அருகிலேயே இந்த உச்சக்குரல் வந்து விழும்போது வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரிகிறது. இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. டி வைல்ட் சினிமாவுக்கு வருமுன் மேடை நடிகர். 1950இல் ஏழு வயதில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ‘தி மெம்பர் ஆஃப் தி வெட்டிங்’ நாடகத்தில் நடித்துப் பெயர் வாங்கியவர். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை எறிந்து பேசிப் பழகிய தொண்டை அது. கேமரா இரண்டடி தூரத்தில் இருக்கும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இரண்டாவது பெயர். ‘ஷேன்’ ஓரசைச் சொல். ‘ஷ’ என்ற சீறும் ஒலியில் தொடங்கி, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய நெடில் உயிரில் நிற்கிறது. ஒரு பையன் கத்திக் கூப்பிட இதைவிட வாகான பெயர் கிடையாது. அவன் வாக்கியத்தைத் தொடங்கும்போதும் ஷேன், முடிக்கும்போதும் ஷேன். அரைமணி நேரத்தில் கேட்பவர் காது அந்த ஒலிக்காகவே பயந்து காத்திருக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவது முகம். கண்ணை அகல விரித்து, வாயைப் பிளந்து, பெரியவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்மைக் காட்சிகள். இது பெரும்பாலும் பையனின் தவறு அல்ல, படத்தொகுப்பின் முடிவு. அதைப் பிறகு பார்ப்போம்.

அப்படியானால் அவர் மோசமான நடிகரா?

இல்லை. இந்தப் பாத்திரத்துக்காக 11 வயதில் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் போட்டிப் பட்டியலில் இருந்தார். அதே படத்தில் ரைக்கர் கூலிக்கு அமர்த்தும் துப்பாக்கிக்காரன் வில்சனாக வந்த ஜாக் பாலன்ஸும் அதே பட்டியலில் இருந்தார். விருது ஃபிராங்க் சினாட்ராவுக்குப் போனது. படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர், வண்ண ஒளிப்பதிவுக்காக லாயல் கிரிக்ஸுக்கு.

காதுக்கு இதமாக இல்லாததும் நடிப்பு வராததும் வேறு வேறு. இரவில் படுக்கப் போகும்போது, அப்பாவை நேசிக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட ஷேனையும் நேசிக்கிறேன், அது பரவாயில்லையா என்று அம்மாவிடம் கேட்கிறானே, அந்த இடத்தில் அவர் ஒரு சொல்லைக்கூட மிகையாக்கவில்லை. அம்மாவாக நடிக்கும் ஜீன் ஆர்தரின் முகத்தில் வந்து போகும் தயக்கத்துக்கு அந்தக் கேள்விதான் வழிவிடுகிறது. அவளுக்கும் அதே கேள்வி மனதில் இருக்கிறது என்பதை நாம் அப்போதுதான் உணர்கிறோம்.

மூல நாவலைப் படித்தவர்களுக்கு இந்த எரிச்சல் வரவில்லையே, ஏன்?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி.

ஜாக் ஷேஃபர் எழுதிய நாவல் 1949இல் புத்தகமாக வந்தது. அதில் பையனின் பெயர் பாப். 1889ஆம் ஆண்டுக் கோடையில் நடந்ததை, வளர்ந்து பெரியவனான பாப் நினைவுகூர்ந்து சொல்கிறான். பையன் பார்த்ததை நாம் பார்க்கிறோம், ஆனால் நம் காதில் விழுவது பெரியவரின் குரல். சிறுவயது வியப்பு பக்குவப்பட்ட மொழியில் வடிகட்டி வருகிறது. நூறு தடவை ‘ஷேன் ஷேன்’ என்று கூப்பிட்டிருந்தாலும் அதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட முடியும்.

திரைக்கதை எழுதிய ஏ. பி. கத்ரியும் ஸ்டீவன்ஸும் அந்தப் பெரியவரின் பின்னணிக் குரலை வைக்கவில்லை. பையனின் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வடிகட்டி போய்விட்டது, சாறு அப்படியே வருகிறது. பெரியவர் நினைவில் அழகாக இருக்கும் வீரவழிபாடு, பக்கத்தில் நின்று நேரடியாகக் கேட்கும்போது நச்சரிப்பாக ஒலிக்கும். எந்த வீட்டிலும் பிடித்த மாமா வந்திருக்கும் நாளில் இது நடக்கும். பின்னணிக் குரல் இருந்திருந்தால் படம் கேட்க இதமாக இருந்திருக்கும். கூடவே ஷேன் ஒரு பழங்கதை ஆகிவிட்டிருப்பான். இப்போது அவன் கண்ணெதிரே நிற்கிறான். அதற்குக் கொடுத்த விலைதான் ஜோயியின் குரல்.

பையன் வரும் இடங்களைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாமா?

முயன்று பார்த்தால் என்ன இழப்பீர்கள் என்று காட்சிவாரியாகச் சொல்கிறோம்.

தொடக்கம். ஜோயி தோட்டா இல்லாத துப்பாக்கியால் ஒரு மானைக் குறிபார்க்கிறான். மான் தலையை நிமிர்த்தும்போது அதன் கொம்புகளுக்கு நடுவே, தொலைவில், குதிரையில் ஷேன் வருகிறான். இந்தக் காட்சி பையனின் கண்மட்டத்தில் எடுக்கப்பட்டது. அடுத்து வீட்டு வாசலில் அவன் துப்பாக்கியைச் சுடத் தயாராக்கும் ‘கிளிக்’ கேட்டதும் ஷேன் மின்னலாகத் திரும்பிக் கையை இடுப்புக்குக் கொண்டுபோகிறான். அவன் யார் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்ட இடம் இது. பையன் இல்லையென்றால் இந்த ‘கிளிக்’ இல்லை.

சோடா. கடைக்குப் போகும் ஷேன், ஜோயிக்காக ஒரு பாட்டில் சோடா கேட்கிறான். சாராயக் கடையில் இருக்கும் ரைக்கரின் ஆள் அதைக் கேலி செய்து விஸ்கியை அவன் சட்டையில் ஊற்றுகிறான். ஷேன் பேசாமல் வெளியேறுகிறான். முதல் மோதலின் வித்து அந்தப் பாட்டில். ஷேன் பயந்துவிட்டான் என்று ஊரார் பேசுவதையும் ஜோயி கேட்டுவிடுகிறான். அதனால்தான் மழையில் சன்னலுக்கு வெளியே ஷேன் நிற்க, நீ பயந்தவனில்லை என்று எனக்குத் தெரியும் என்று அவன் சொல்லும் காட்சிக்குக் கனம் வருகிறது.

துப்பாக்கிப் பாடம். ஷேன் சுட்டுக் காட்டுகிறான். சத்தம் காதைப் பிளக்கிறது. பையன் முகத்தில் பரவசம். அம்மா வந்து, என் மகன் வாழ்க்கையில் துப்பாக்கி வேண்டாம் என்கிறாள். துப்பாக்கி ஒரு கருவிதான், நல்லதும் கெட்டதும் பிடிக்கும் ஆளைப் பொறுத்தது என்கிறான் ஷேன். இந்த வாக்குவாதத்தின் பொருளே ஜோயிதான்.

உச்சக்கட்டம். சாராயக் கடை ஆட்டக்கதவின் கீழே குனிந்து பார்க்கும் ஜோயி, மாடியிலிருந்து ஒருவன் குறிபார்ப்பதைக் கண்டு கத்துகிறான். கத்தாவிட்டால் ஷேன் அங்கேயே முடிந்திருப்பான். படம் முழுக்க நம்மை அலுக்க வைத்த அதே கூச்சல் இங்கே ஓர் உயிரைக் காக்கிறது.

ஆகவே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டாம். தள்ளினால் மிஞ்சுவது இரண்டு சண்டையும் நல்ல மலைக்காட்சிகளும்தான்.

எரிச்சலை இயக்குநர் தெரிந்தே வைத்தாரா?

ஒரு பகுதியை, ஆம் என்றே நினைக்கிறோம். ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1945இல் நாஜிகளின் டாகாவ் வதைமுகாமைப் படம் பிடித்தவர். துப்பாக்கிக் குண்டு மனித உடலை என்ன செய்யும் என்பதை நேரில் கண்டவர் எடுத்த படம் இது. வில்சன் சுடும்போது, சுடப்பட்ட குடியானவர் டோரியின் உடல் பின்னால் தூக்கி எறியப்பட்டுச் சேற்றில் விழுகிறது. நடிகரைக் கம்பியால் பின்னுக்கு இழுத்து எடுத்த காட்சி அது. இப்படி ஒரு மரணத்தைக் காட்டும் படத்தில், தோட்டா கொடுங்கள் என்று கேட்டுத் திரியும் ஒரு பையனை நடுவில் வைத்திருக்கிறார். அந்த ஆசை நமக்கு உறுத்தத்தான் வேண்டும்.

உண்மையிலேயே பிழை என்று சொல்லத்தக்கது எது?

எதிர்வினைக் காட்சிகளின் எண்ணிக்கை. ஸ்டீவன்ஸ் ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்துக் குவித்து, பிறகு தொகுப்பு மேசையில் மாதக்கணக்கில் உட்காருபவர். 1951இல் எடுத்த படம் 1953இல்தான் வந்தது. அவருக்குத் தேர்வு இல்லாமல் இல்லை. அப்படியிருந்தும் பெரியவர்களின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட இடங்களில்கூட ஜோயியின் வியந்த முகத்துக்கு வெட்டிப் போகிறார். நாம் வியக்க வேண்டிய இடத்தை நமக்குப் பதிலாக ஒருவர் வியந்து காட்டினால் நம் வியப்பு குறையும்.

இதே உத்தி சரியாக அமைந்த இடமும் உண்டு. சாராயக் கடைச் சண்டையில் ஜோயி கையில் ஒரு மிட்டாய்க் குச்சி. அடி விழும்போது அவன் மிட்டாயை நறுக்கென்று கடிக்கிறான். பற்களின் அந்த ஓசை, சண்டையை அவன் எப்படிச் சுவைக்கிறான் என்று சொல்லிவிடுகிறது. வாய் பிளந்த முகம் தராத செய்தியை இந்தக் கடி தருகிறது. பையனுக்குச் செய்ய ஒரு காரியம் கொடுத்த இடங்களிலெல்லாம் அவர் நன்றாக இருக்கிறார். ‘பார்த்து வியப்படை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திய இடங்களில்தான் அலுப்பு.

இன்னொரு குறை, நாம் கண்டதையே அவன் வாயால் மறுபடி சொல்வது. ஷேன் வல்லவன் என்று கண்ணால் பார்த்தபின் அதைக் கேள்வியாகவும் கேட்டு, பதிலையும் தானே சொல்கிறான்.

வீட்டில் பார்க்கும்போது குரல் இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். பாதிப் பேருக்கு ஜோயிமேல் உள்ள கோபம் உண்மையில் அவரவர் ஒலிப்பெட்டி மேல் இருக்க வேண்டியது.

மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்குத்தான் மிக நுட்பமாகக் கேட்கும். கத்தும் குழந்தைக் குரலின் கூர்மை இந்த இடத்தில்தான் குவிகிறது. மடிக்கணினி, மெல்லிய டிவி ஆகியவற்றின் சிறிய ஸ்பீக்கர்களில் அடித்தொனி வராது. ஆலன் லாட் குரல் மெலிந்து காணாமல் போகும். அவர் பேசுவது கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டுவீர்கள். அடுத்த நொடி பையன் வந்து காதைக் கிழிப்பான்.

முதலில் டிவி ஒலி அமைப்பில் ‘தெளிவான குரல்’, ‘வசனம் மேம்படுத்தல்’ போன்ற வசதி இயங்கினால் அணைத்துவிடுங்கள். அது சரியாக அந்தக் கூர்மையான பகுதியைத்தான் உயர்த்துகிறது. அடுத்து இரவு முறையையும் அணையுங்கள். அது சிறிய ஒலியைப் பெரிதாக்கிப் பெரியதைச் சிறிதாக்கும். துப்பாக்கி வெடியும் பையன் குரலும் ஒரே உயரத்துக்கு வந்து, மற்றவற்றுக்கு மேலே பையன் மட்டும் விடாமல் ஒலிப்பான். சமனி (ஈக்வலைசர்) இருந்தால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் எல்லா வசனமும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆகும். இது எதுவும் இல்லாவிட்டால் காதை மூடும் வகை ஹெட்போன் போதும். ஒலி அளவை ஷேனின் குரலுக்கு வைக்காமல், தொடக்கத்தில் ஜோயி பேசும் வரிக்கு வைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

எந்தப் படவடிவில் பார்ப்பது?

1.37க்கு 1 என்ற, ஏறத்தாழச் சதுர வடிவில். படம் எடுக்கப்பட்டது அப்படித்தான். வெளியானபோது அகலத்திரை மோகம் தொடங்கியிருந்ததால் பட நிறுவனமான பாரமவுண்ட் மேலும் கீழும் வெட்டி 1.66க்கு 1 அளவில் திரையிட்டது. வெட்டிய வடிவில் பையனுக்கு மேலே எழும் மலை குறைகிறது. ‘சின்னஞ்சிறு உயிர், பெரிய உலகம்’ என்ற விகிதம் குலைந்து அவன் முகமே திரையை அடைக்கும். டிவியில் படத்தை இழுத்து நிரப்பும் அமைப்பையும் விலக்குங்கள்.

மற்ற இயக்குநர்கள் குழந்தைகளிடம் எப்படி வேலை வாங்கினார்கள்?

சிறந்த எடுத்துக்காட்டு 1955இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’. அக்கா துர்க்கையைத் தேடி அப்பு நாணல் பூக்காட்டில் நடந்து வர வேண்டும். நடித்த சுபீர் பானர்ஜிக்கு முன்னனுபவம் இல்லை. ‘தேடுவதுபோல நட’ என்றால் குழந்தை பொம்மைபோல நடக்கும். சத்யஜித் ராய் அவன் நடக்கும் வழியில் சிறு தடைகளைப் போட்டார். புதரில் ஆட்களை ஒளித்துவைத்து, வேறு வேறு பக்கமிருந்து கூப்பிடச் சொன்னார். பையன் தடையைத் தாண்டினான், குரல் வந்த பக்கம் திரும்பினான். திரையில் பார்த்தால் தேடுகிறான். நடிக்கச் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுத்தார், அவ்வளவுதான். மேலே சொன்ன மிட்டாய்க் குச்சியும் இதே வித்தைதான்.

1948இன் ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தில் மகனாக வரும் சிறுவன் என்ஸோ ஸ்டயோலா தொழில்முறை நடிகர் அல்ல. தந்தையின் நீண்ட நடைக்கு ஈடுகொடுக்க ஓடி ஓடி வரும் அந்தக் கால்களே பாதி நடிப்பு.

கொடுமையான வழியும் இருந்தது. 1931இல் ‘ஸ்கிப்பி’ எடுத்த நார்மன் டாரோக், ஜாக்கி கூப்பரை அழவைக்க அவன் நாயைச் சுட்டுவிட்டதாக நம்பவைத்தார். கூப்பர் வளர்ந்தபின் தன் வரலாற்று நூலில் இதை எழுதினார். அந்தக் கண்ணீருக்கு ஆஸ்கர் போட்டியில் இடம் கிடைத்தது உண்மை. எந்த நல்ல காட்சியும் அந்த விலைக்குத் தகாது.

தமிழ்ப் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஜோயியின் குரல் ஏன் கூடுதலாக உறுத்துகிறது?

நம் படங்களில் நெடுங்காலமாகக் குழந்தை நட்சத்திரங்களுக்கு வளர்ந்த பெண்கள் பின்னணி பேசுவது வழக்கம். பாட்டிலும் அப்படித்தான். 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசனுக்காக ‘அம்மாவும் நீயே’ பாடியவர் எம். எஸ். ராஜேஸ்வரி. அது குழந்தைக் குரல் என்றே நம் காது ஏற்றுக்கொண்டது. மூச்சும் சுருதியும் பெரியவருடையவை, மழலை மட்டும் மேலே பூசியது. அந்த மெருகுக்குப் பழகியவருக்கு, மூச்சு வாங்கி, உடைந்து, கட்டுப்பாடின்றிக் கத்தும் நிஜக் குழந்தையின் குரல் கரடுமுரடாகத்தான் இருக்கும்.

அதே சமயம் நம் படங்களின் வயதுக்கு மீறிப் பேசும் குழந்தையோடு ஜோயியைச் சேர்க்கக் கூடாது. அவன் பெரியவர்களுக்கு அறிவுரை சொல்வதில்லை. வயதுக்கு உரியதை மட்டுமே, அளவில்லாமல் பேசுகிறான்.

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். டோரி சுடப்படும் காட்சிக்கு முன்பே சொல்லி வையுங்கள். பிள்ளைகளுக்கு ஜோயி எரிச்சலூட்டுவது குறைவு.

கடைசிக் காட்சி உருக்கம் என்கிறார்கள். எங்களுக்குக் காது வலிதான் மிஞ்சுகிறது. எப்படிப் பார்ப்பது?

முதலில் வசன வரிகளை அணையுங்கள். ஒரே பெயர் கீழே மறுபடி மறுபடி எழுத்தில் வந்தால், கேட்பதோடு படிப்பதும் சேர்ந்து அலுப்பு இரட்டிக்கும். அந்தக் காட்சியில் புரியாத சொல் எதுவும் இல்லை.

அடுத்து, அதற்கு முன் நடந்ததை நினைவில் வையுங்கள். அப்பா சாவை நோக்கிப் போகாமலிருக்க ஷேன் அவரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து வீழ்த்துகிறான். அதைப் பார்த்த ஜோயி, உன்னை வெறுக்கிறேன் என்று கத்திவிடுகிறான். உடனே வருந்தி, நாயோடு நகர்வரைக்கும் பின்னால் ஓடுகிறான். மன்னிப்புக் கேட்டும் ஆகிவிட்டது. ஷேனின் காயத்தையும் இரத்தத்தையும் கண்டுவிட்டான். ஆகக் கடைசியில் ‘ஷேன், திரும்பி வா!’ என்று கூப்பிடும்போது அது இதுவரை கேட்ட நச்சரிப்பு அல்ல.

அந்தக் கூப்பாட்டுக்கு நடுவே வரும் சொற்களைக் கேளுங்கள். அப்பா உனக்கு வேலை வைத்திருக்கிறார் என்கிறான். அம்மாவுக்கு நீ வேண்டும், எனக்குத் தெரியும் என்கிறான். படம் முழுக்கப் பெரியவர்கள் மூவரும் வாய்விட்டுச் சொல்லாமல் காத்த உண்மையை, என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் திறந்தவெளியில் போட்டு உடைக்கிறான். வெட்கமறியாத அந்தக் குரலால் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். ஷேன் திரும்பவில்லை. இறந்துகொண்டிருக்கிறானா, பிழைத்துப் போகிறானா என்பதும் நமக்குத் தெரியாது. பதில் வராத கூப்பாடு என்பதால்தான் அது உரக்க இருக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் தொகுத்த நூறு புகழ்பெற்ற வசனங்களில் இந்த அழைப்பு 47ஆம் இடத்தில் இருக்கிறது.

இரண்டு முறை பார்த்தும் பிடிக்கவில்லை. எங்கள் ரசனையில் குறையா?

இல்லவே இல்லை. ஒரு குரல் ஒத்துக்கொள்ளாமல் போவது காது சார்ந்த விஷயம், வாதாடி மாற்ற முடியாது. குடியானவரும் ஷேனும் மரத்தின் அடிக்கட்டையைச் சேர்ந்து வெட்டிச் சாய்க்கும் காட்சியை மட்டுமாவது மறுபடி பாருங்கள். அதில் வசனம் மிகக் குறைவு.

பிறகு டி வைல்டை 1963இல் வந்த ‘ஹட்’ படத்தில் பாருங்கள். பால் நியூமன் நடிக்கும் நாயகனின் அண்ணன் மகனாக, சித்தப்பாவை அண்ணாந்து பார்த்து வளரும் இளைஞனாக வருகிறார். மறுபடியும் ஒரு முரட்டு ஆணை வியந்து பார்க்கும் வேடம். இம்முறை அந்த வியப்பு மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் கிளம்பிப் போகிறவர் அவர்தான். அந்தப் படத்தில் தாத்தாவாக நடித்த மெல்வின் டக்ளஸுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, அவர் சார்பில் மேடையேறி வாங்கியவரும் டி வைல்ட்தான். 1972இல் ஒரு சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30.